பிழை திருத்தக் கூலி யார் கொடுப்பது?

தையற்காரரிடம் சட்டை தைக்கக் கொடுக்கிறோம். வாங்கி வந்து போட்டுப் பார்த்தால் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. கடைக்குத் திரும்பிப் போய், "என்னய்யா இது?" என்று கேட்டால், அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "வைச்சுட்டுப் போங்க ஸார், சாயந்திரம் சரி பண்ணித் தரேன்" என்பார். அப்படிச் சொல்லாமல், "ஆமாம், தவறு என்னுடையதுதான். ஆனால் திருத்தக் கூலி நூறு ரூபாய். அடுத்த வருஷம் வந்தால் இருநூறு" என்று சொன்னாரானால் என்ன ஆகும்? கடை வாசலில் கூட்டம் கூடிவிடும்.

உலகத்தில் ஒரே ஒரு வியாபாரத்தில் மட்டும் இப்படிச் சொல்ல முடிகிறது. சொல்லியும் இருக்கிறார்கள். கேட்டவர்கள் மறுபேச்சில்லாமல் பணத்தைக் கட்டியும் இருக்கிறார்கள். அதுதான் ஸாப்ட்வேர் வியாபாரம்.

அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் ஒரு சர்ஜன் இருந்தார். நோயாளிகளின் கணக்கு வழக்குகளைப் பார்த்துக்கொள்வதற்காக, 'மெடிக்கல் மேனேஜர்' என்ற கம்பெனியின் ஸாப்ட்வேரை உபயோகித்து வந்தார். 1996-ல் சுமார் 13,000 டாலர் கொடுத்து அதன் புதிய பதிப்பை வாங்கினார். வாங்கிய சூடு ஆறுவதற்குள் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. 2000-ஆம் வருஷம் பிறந்ததும் அந்த ஸாப்ட்வேர் தேதியைச் சரியாகக் கணக்கிடாதாம். வருஷத்தைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் குறித்துவிட்டபடியால், '00' என்பதை 1900 என்று எண்ணிக்கொள்ளுமாம். சரி, என்ன செய்வது? வேறு பதிப்பு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். விலை? சுமார் 25,000 டாலர்.

2000-ஆம் வருஷம் என்று ஒன்று வரப்போகிறது என்பது 1996-ல் யாருக்கும் தெரியாத ரகசியமா? டாக்டர் கோபம் கொண்டதில் ஆச்சரியம் இல்லை. 1998-ல் தமக்காகவும், தம்மைப் போல ஏமாந்த ஆயிரக்கணக்கான மற்ற டாக்டர்களுக்காகவும் சேர்த்து வழக்குப் போட்டார். கம்பெனி நீண்ட நாள் மல்லுக்கு நிற்கவில்லை. திருத்தத்தை எல்லோருக்கும் இனாமாகக் கொடுப்பதாகவும், அதற்கு மேல் பத்து லட்சம் டாலருக்கு அதிகமான தொகை கொடுப்பதாகவும் ஒப்புக்கொண்டு ராஜி செய்துகொண்டது. இனாமாகக் கொடுக்க முடியும் என்பது வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகுதான் தெரிந்தது போலும்!

அந்துப்பூச்சியும் காகித ஒட்டும்

ஸாப்ட்வேரில் உள்ள பிழையை அந்தத் தொழிலில் 'பக்', அதாவது பூச்சி, என்கிறார்கள். எடிசன் காலத்திலிருந்தே எஞ்சினீயர்கள் இயந்திரக் கோளாறுக்கு வழங்கிவந்த பெயர் இது. 1947 செப்டம்பரில் ஹார்வர்ட் சர்வகலாசாலையின் 'மார்க் 2' கம்ப்யூட்டருக்குள் நிஜமாகவே ஓர் அந்துப்பூச்சி புகுந்து சிக்கிக்கொண்டது. அங்கிருந்தவர்கள் அதை எடுத்துக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி, "பூச்சி மெய்யாகவே அகப்பட்டது" என்ற பொருளில் பக்கத்தில் வேடிக்கையாக எழுதி வைத்தார்கள். அந்தப் புத்தகம் ஸ்மித்ஸோனியன் மியூஸியத்தில் பத்திரமாக இருக்கிறது. திருத்தத்துக்கு 'பாட்ச்', அதாவது ஒட்டு, என்று பெயர். ஆதி நாளில் கம்ப்யூட்டருக்கு உத்தரவுகளைக் காகித நாடாவில் துளை போட்டுக் கொடுத்தார்கள்; துளை தவறாக விழுந்தால் அதன்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுவார்கள். கிழிந்த வேஷ்டிக்கு ஒட்டுப் போடுகிற அதே காரியந்தான்.

பூச்சியே இல்லாத ஸாப்ட்வேர் எழுத முடியாதா என்று கேட்கலாம். சின்னதாக இருந்தால் முடியும். விண்டோஸ் போன்ற ஸாப்ட்வேர் கோடிக்கணக்கான வரிகள் கொண்டது. எத்தனை கெட்டிக்காரர்கள் உட்கார்ந்து எழுதினாலும் எங்கேயாவது ஓரிடத்தில் கை தவறத்தான் செய்யும். தவறியது ஏன் என்று யாரும் சண்டை பிடிக்கவில்லை. தவறியது தெரிந்த பிறகு அதைச் சரிசெய்யும் செலவு யார் தலையில் விழுவது என்பதுதான் சண்டை.

பார்க்கப்போனால் இந்தச் சண்டைக்கு 1969-ஆம் வருஷத்தில் விதை போட்டாயிற்று. அதுவரையில் ஐ.பி.எம். கம்பெனியார் கம்ப்யூட்டரை வாடகைக்கு விடும்போது, ஸாப்ட்வேரையும் எஞ்சினீயர்களின் உதவியையும் அதோடு சேர்த்தே கொடுத்து வந்தார்கள். மாட்டை வாங்கினால் கயிறு இனாம் என்கிற மாதிரி. அந்த வருஷம் ஜூன் மாதத்தில், இனிமேல் கயிற்றுக்குத் தனி விலை என்று அறிவித்தார்கள். அமெரிக்க சர்க்கார் தங்கள் மீது ஏகபோக வியாபார வழக்குத் தொடுத்திருந்த நேரம் அது. அன்று முதல் ஸாப்ட்வேர் என்பது தனிச் சரக்காக வளர்ந்து, இன்று மாட்டைவிடக் கயிறு விலை அதிகம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் சரக்குக்கு உரிய பொறுப்பு மட்டும் அந்த வேகத்தில் வளரவில்லை. எந்த ஸாப்ட்வேருக்கும் ஒரு முச்சலிக்கை உண்டு. 'சம்மதம்' என்று அழுத்தினால்தான் உள்ளே விடும். யாரும் படிக்காத அந்தத் தஸ்தாவேஜில், சரக்கு உள்ளது உள்ளபடி தரப்படுகிறது, நஷ்டத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்ற ஷரத்து பெரும்பாலும் இருக்கும்.

கம்பெனிக்காரர் கட்சி

கம்பெனிக்காரர் கட்சியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. திருத்தம் ஆகாயத்திலிருந்து விழுவதில்லை. பூச்சியைத் தேட வேண்டும். ஓர் இடத்தைத் திருத்தினால் வேறோர் இடம் கெடுகிறதா என்று ஆயிரம் விதமான கம்ப்யூட்டர்களில் சோதித்துப் பார்க்க வேண்டும். அவ்வளவு பேருக்கும் மாதச் சம்பளம் உண்டு. விண்டோஸ் எக்ஸ்பியை மைக்ரோஸாப்ட் கம்பெனி 2001-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2014 ஏப்ரல் 8 வரை, ஏறக்குறைய பன்னிரண்டரை வருஷம், திருத்தங்களைக் காசு வாங்காமல் கொடுத்தது. ஒரு தடவை பணம் கொடுத்தவருக்குச் சாகிற வரையில் சேவை செய்துகொண்டே இரு என்றால் எந்த வியாபாரியால் முடியும்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய சட்டையோடு வந்து பித்தான் அறுந்துவிட்டது என்று சொன்னால் தையற்காரரும் சிரிக்கத்தான் செய்வார்.

இன்னொன்றும் சொல்கிறார்கள். புதிய வசதி வேண்டுமென்றால் அதற்கு விலை கொடுப்பது முறைதானே? முறைதான், இதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. சட்டைக்குப் புதிதாக ஒரு பை வைக்கச் சொன்னால் கூலி கொடுக்கத்தான் வேண்டும். தொல்லை என்னவென்றால், பையையும் கிழிசலையும் ஒரே பில்லில் போடுகிற சாமர்த்தியம் இந்தத் தொழிலில் அதிகம். பிழை திருத்தம் வேண்டுமா? புதிய பதிப்பை வாங்கு. அதில் பிழை திருத்தியிருக்கிறது. கூடவே கேட்காத பத்து வசதிகளும் இருக்கின்றன. அந்தப் பத்தில் எத்தனை பூச்சிகள் என்பது அடுத்த பதிப்பில் தெரியும்.

பெரிய நிறுவனங்களுக்கு விற்கப்படும் ஸாப்ட்வேரில் ஒளிவு மறைவே இல்லை. ஆரகிள் கம்பெனியின் வழக்கம், விற்ற விலையில் 22 சதவிகிதத்தை வருஷந்தோறும் பராமரிப்புக் கட்டணமாக வாங்குவது. ஐந்து வருஷத்தில் முதலுக்கு மேல் கட்டியாயிற்று என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அந்தக் கட்டணத்தை நிறுத்தினவருக்குப் பாதுகாப்புத் திருத்தமும் நின்றுவிடும். வாங்குகிறவரும் பெரிய முதலாளி, விற்கிறவரும் பெரிய முதலாளி. இருவரும் வக்கீல் வைத்துப் பேசிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களுக்காக யாரும் கண்ணீர் விட வேண்டியதில்லை.

அலமாரியில் இருந்த மருந்து

கண்ணீர் விட வேண்டிய கதை வேறு. எக்ஸ்பிக்கு இனாம் திருத்தம் 2014-ல் நின்றது என்று சொன்னோமல்லவா? திருத்தம் தயாரிப்பது நிற்கவில்லை. பணம் கொடுத்தவர்களுக்குத் தனியாகத் தயாராகிக்கொண்டே இருந்தது. பிரிட்டிஷ் சர்க்கார் முதல் வருஷத்துக்குச் சுமார் 55 லட்சம் பவுன் கொடுத்தது. அமெரிக்கக் கடற்படை 2015-ல் சுமார் 91 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. பிரிட்டிஷ் சர்க்கார் மட்டும் ஒரு வருஷத்தோடு போதும் என்று நிறுத்திக்கொண்டது.

2017-ல் ஆபத்து வந்தது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஏஜென்ஸி முன்பே கண்டுபிடித்து, கம்பெனிக்குச் சொல்லாமல் தன் உளவு வேலைக்கு உபயோகித்து வந்தது. அந்த வித்தை திருட்டுப் போய் ஏப்ரல் மாதத்தில் ஊரறிய வெளியாகிவிட்டது. மைக்ரோஸாப்ட் மார்ச் 14-ந் தேதியே அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டிருந்தது; ஆனால் அப்போது ஆதரவில் இருந்த பதிப்புகளுக்கு மட்டும். மே மாதம் 12-ந் தேதி 'வான்னாக்ரை' என்ற கொள்ளை ஸாப்ட்வேர் கிளம்பியது. கம்ப்யூட்டரில் உள்ளதையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் 300 டாலர் கொடு என்று திரையில் எழுதிக் காட்டியது. சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்கள் பாதிக்கப்பட்டன.

இங்கிலாந்தில் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் திணறிப்போயின. 236 ஆஸ்பத்திரி நிர்வாகங்களில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டதாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பின்னால் கணக்குக் கொடுத்தது. டாக்டரைப் பார்க்க நாள் குறித்திருந்தவர்களில் சுமார் 19,000 பேருக்கு அது ரத்தாகியிருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. சில ஊர்களில் அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் வேறு தூரத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று.

கொள்ளை ஆரம்பித்த உடனே மைக்ரோஸாப்ட் எக்ஸ்பிக்கும் திருத்தத்தை எல்லோருக்கும் இனாமாக வெளியிட்டது. நல்ல காரியந்தான். ஆனால் அந்தத் திருத்தத்தைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டது. அதில் இருந்த தேதி முத்திரை பிப்ரவரி மாதத்தது! அதாவது மருந்து மூன்று மாதமாக அலமாரியில் இருந்தது. காசு கொடுத்தவர்களுக்கு மட்டும் அலமாரி திறந்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அந்த ஆஸ்பத்திரிகளில் பாதிக்கப்பட்ட கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அவற்றுக்கு மார்ச் மாதமே இனாமாகத் திருத்தம் கிடைத்தது. போட்டுக்கொள்ளத்தான் ஆளில்லை. ஆகவே, காசு கேட்டதனால்தான் ஆஸ்பத்திரிகள் முடங்கின என்று சொன்னால் அது நியாயமாகாது. இனாமாகக் கொடுத்ததையே வாங்கிப் போடாத ஜனங்கள் இருக்கும்போது, காசு வேறு கேட்டால் எத்தனை பேர் போடுவார்கள் என்று கேட்பதுதான் நியாயம்.

அம்மை குத்துவதை யோசித்துப் பாருங்கள். ஒருவன் குத்திக்கொள்ளாவிட்டால் கஷ்டம் அவனோடு போய்விடுவதில்லை. அடுத்த வீட்டுக்கும் பரவுகிறது. அதனால்தான் நாகரிக நாடுகளில் அதைக் காசுள்ளவனுக்கு மட்டும் என்று வைக்கவில்லை. பாதுகாப்பு ஓட்டை உள்ள கம்ப்யூட்டரும் அப்படித்தான். அதற்குள் புகுந்த திருடன் அங்கேயே உட்கார்ந்துகொண்டு ஊரிலுள்ள மற்ற கம்ப்யூட்டர்களின் கதவையும் தட்டுகிறான். அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. திருத்தம் வெளியானால் அதை முதலில் ஆராய்ச்சி செய்கிறவர்களில் திருடர்களும் இருப்பார்கள். எந்த இடத்தில் ஒட்டுப் போட்டிருக்கிறது என்று பார்த்தாலே, ஒட்டுப் போடாத துணியில் எங்கே கிழிசல் என்பது தெரிந்துபோகிறது. சிலருக்கு மட்டும் திருத்தத்தை விற்பது, மற்றவர்களின் பூட்டை எப்படித் திறப்பது என்று தண்டோராப் போடுவதற்குச் சமானம்.

முப்பது டாலர் விவகாரம்

இது பழைய கதை என்று ஒதுக்க முடியாது. 2025 அக்டோபர் 14-ந் தேதி விண்டோஸ் 10-க்கும் இனாம் திருத்தம் நின்றது. அது 2015-ல் வந்த பதிப்பு. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அதற்குக் குறிப்பிட்ட பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ கம்ப்யூட்டர்களுக்கு அந்த யோக்கியதை இல்லை. அவற்றின் சொந்தக்காரர்களுக்குக் கம்பெனி ஒரு வழி சொன்னது. 30 டாலர் கட்டினால் 2026 அக்டோபர் 13 வரை இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்புத் திருத்தம் வரும். வியாபார நிறுவனங்களுக்குக் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு முதல் வருஷம் 61 டாலர், இரண்டாம் வருஷம் 122, மூன்றாம் வருஷம் 244. மொத்தம் 427 டாலர். நூறு கம்ப்யூட்டர் உள்ள ஆபீஸுக்கு 42,700 டாலர். வருஷத்துக்கு வருஷம் இரட்டிப்பாவது திருத்தும் செலவா? இல்லை. சீக்கிரம் காலி செய் என்று வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுகிற மாதிரி.

வேடிக்கை இனிமேல்தான். பணம் கட்ட மனமில்லாதவர்கள் கம்பெனியில் கணக்கு வைத்துக்கொண்டு, தங்கள் கம்ப்யூட்டர் அமைப்புகளைக் கம்பெனியின் இடத்தில் பிரதி எடுத்து வைக்கச் சம்மதித்தால், அந்த 30 டாலர் வேண்டாம் என்றார்கள். ஐரோப்பாவில் உபயோகிப்போர் சங்கத்தார் இது என்ன நிர்ப்பந்தம் என்று எதிர்த்துக் கேட்டார்கள். உடனே அந்த வட்டாரத்துக்கு மட்டும் பணமும் வேண்டாம், பிரதியும் வேண்டாம், கணக்கு மட்டும் இருந்தால் போதும் என்று இறங்கி வந்தார்கள். பாரிஸில் இனாமாகக் கிடைத்த ஒட்டு பாளையங்கோட்டையில் விலைக்கோ நிபந்தனைக்கோ ஆகிவிட்டது. இரண்டும் ஒரே ஒட்டு. ஒரே இடத்தில், ஒரே ஆட்கள் தைத்தது. ஒரு தடவை தைத்த பிறகு, கோடிப் பேருக்கு அனுப்பவும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இங்கே கேட்ட விலை கூலியல்ல; கேட்பார் இல்லை என்பதற்கான விலை.

கேட்பார் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1994-ல் இன்டெல் கம்பெனியின் பென்டியம் சில்லில் வகுத்தல் கணக்குத் தப்பாக வருவதை லிஞ்ச்பர்க் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி கண்டுபிடித்தார். உள்ளேயிருந்த வாய்ப்பாட்டில் ஐந்து கட்டங்கள் விட்டுப்போயிருந்தன. சாதாரண மனிதர்களுக்கு இது படவே படாது, தேவை என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டும் மாற்றித் தருகிறோம் என்றது கம்பெனி. நிரூபிக்க வேண்டியவர் காசு கொடுத்து வாங்கினவராம்! ஜனங்கள் விடவில்லை. ஐ.பி.எம். அந்தச் சில்லுள்ள கம்ப்யூட்டர்களை அனுப்புவதை நிறுத்திற்று. டிசம்பர் 20-ந் தேதி, கேட்டவர்க்கெல்லாம் காரணம் கேட்காமல் மாற்றித் தருவதாக இன்டெல் அறிவித்தது. அதற்காக ஒதுக்கிய தொகை 47½ கோடி டாலர். கம்பெனி மூழ்கிவிட்டதா? இல்லை, அதற்குப் பிறகுதான் அசுர வளர்ச்சி.

மோட்டார்க் கார் கம்பெனிகளையும் பார்க்கலாம். அமெரிக்காவில் ஒரு காரில் பாதுகாப்புக் குறை இருப்பது தெரிந்தால், வண்டி வாங்கி 15 வருஷம் வரை கம்பெனி தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்பது சட்டம். நம் தேசத்திலும் 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிடச் சர்க்காருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. பிரேக் பிடிக்காத வண்டியை விற்றுவிட்டு, பிரேக்குக்குத் தனிக் கட்டணம் என்று யாரும் கேட்பதில்லை.

சரக்கா, அனுமதிச் சீட்டா?

ஸாப்ட்வேருக்கு மட்டும் ஏன் இந்தத் தனிச் சலுகை? அது சரக்கே அல்ல, உபயோகிக்க அனுமதி மாத்திரமே என்பது கம்பெனிகளின் நெடுநாள் வாதம். 2004-ல் டாடா கன்ஸல்டன்ஸி கம்பெனிக்கும் ஆந்திர சர்க்காருக்கும் நடந்த வழக்கில் நம் சுப்ரீம் கோர்ட், கடையில் விற்கும் தயார் ஸாப்ட்வேர் சரக்குதான், அதற்கு விற்பனை வரி உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. வரி வாங்கும்போது சரக்காக இருப்பது, குறை சொல்லும்போது மட்டும் அனுமதிச் சீட்டாக மாறிவிடலாமா?

ஐரோப்பியர்கள் இந்த விஷயத்தில் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். 2024-ல் அவர்கள் செய்த சட்டப்படி, கம்ப்யூட்டர் சம்பந்தமுள்ள சரக்கை விற்கிறவர் சாதாரணமாகக் குறைந்தது ஐந்து வருஷம் பாதுகாப்புத் திருத்தங்களைக் கொடுத்தாக வேண்டும். அதையும் இனாமாகக் கொடுக்க வேண்டும். தனி நிறுவனத்துக்கென்று விசேஷமாகச் செய்து கொடுத்ததானால் மட்டும் பேசிக்கொள்ளலாம். அதன் முக்கியமான ஷரத்துகள் 2027 டிசம்பர் 11 முதல் அமலாகின்றன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இன்டர்நெட்டோடு இணையும் வீட்டுச் சாமான்களை விற்கிறவர்கள் எந்தத் தேதி வரை பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பதை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இவை அதிகம் என்று கம்பெனிகள் முணுமுணுக்கின்றன. உண்மையில் இவை கொஞ்சம் குறைவு. ஐந்து வருஷம் டெலிபோனுக்குப் போதும். ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் உழைக்கும் ஸ்கான் இயந்திரத்துக்கு எப்படிப் போதும்? தவிரவும், காலக்கெடு முடிந்த பிறகு பணம் கொடுப்பவர்களுக்காகத் திருத்தம் தயாரிக்கும் வரையில், பாதுகாப்புத் திருத்தத்தை மட்டுமாவது மற்றவர்களுக்கும் திறந்துவிட வேண்டும். தயாரிக்கும் செலவை யாரோ ஒருவர் கொடுத்துவிட்டார். தயாரானதை ஒளித்து வைக்க எந்த நியாயமும் இல்லை. தயாரிப்பதே நின்றுவிட்டால் அது வேறு பேச்சு. அப்போது கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.

இதனால் ஸாப்ட்வேர் விலை ஏறிவிடும் என்பார்கள். ஏறட்டும். திருத்தும் செலவு முதல் விலையிலேயே சேர்ந்து இருந்தால், வாங்குகிறவர் இரண்டு கடையை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பூச்சி குறைவாக எழுதுகிறவருக்குச் செலவு குறைவு; அவர் மலிவாக விற்கலாம். மாறாக, பூச்சிக்குப் பூச்சி காசு என்று வைத்தால், நன்றாக எழுதுகிறவர் நஷ்டப்படுவார், அவசரமாக எழுதுகிறவர் கொழிப்பார். மாதச் சந்தா என்று இப்போது பரவியிருக்கும் முறையில் திருத்தக் கூலி கண்ணில் படாமல் கலந்திருக்கிறது. அதில் ஒரு சௌகரியம், கம்பெனி வேலை செய்துகொண்டே இருக்க வேண்டும். ஓர் அசௌகரியம், சந்தாவை நிறுத்திய மறுநாள் கையில் ஒன்றும் மிஞ்சாது.

சட்டம் வருகிற வரையில் கம்ப்யூட்டரோ, டெலிபோனோ, சுவரில் மாட்டுகிற காமிராவோ வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "இதற்கு எந்த வருஷம், எந்த மாதம் வரை பாதுகாப்புத் திருத்தம் இனாமாக வரும்? பில்லிலே எழுதிக் கொடுப்பீர்களா?" மருந்துப் புட்டியில் காலாவதித் தேதி பார்க்கிறவர்கள் இதையும் பார்க்கலாம். கடைக்காரர் முதலில் விழிப்பார். பத்துப் பேர் கேட்ட பிறகு கம்பெனிக்கு எழுதி விசாரிப்பார்.